ஸ்மித் ராக் பக்கத்துல டென்ட்ல தங்கலாமான்னு கேட்ட சத்துவாச்சாரி அண்ணாவுக்கு

அண்ணா, நீங்க கேட்டத முதல்ல நான் புரிஞ்சுகிட்ட மாதிரி சொல்லிடறேன். பையன் அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்து போர்ட்லேண்ட்ல வேலை செய்றான், செப்டம்பர்ல நீங்களும் அண்ணியும் அங்க போறீங்க, அவன் ஃப்ரெண்ட்ஸோட பாறை ஏறப் போற ஸ்மித் ராக்குக்கு உங்களையும் கூப்டுகினு போய் பக்கத்துல ஸ்கல் ஹாலோன்ற கேம்ப்கிரவுண்ட்ல மூணு ராத்திரி டென்ட்ல தங்கலாம்ன்றான். உங்களுக்கு 61, கொஞ்சம் பிரஷர் இருக்கு, அண்ணிக்கு முட்டி வலி. அங்க தண்ணிக் குழாயே கிடையாதாமேன்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்க, ஆனா ராத்திரி 40 டிகிரிதான்னு பையன் சொன்னதால வேலூர்க்காரனுக்கு 40 எல்லாம் ஒரு வெயிலான்னு நீங்க தைரியமா இருக்கீங்க.

அங்கதான் அண்ணா பிரச்சனையே. நம்ம ஊர்ல டிவிக்காரன் ஒரு நாள் 40 டிகிரி தாண்டிச்சுன்னு சொல்றான், இன்னொரு நாள் பேப்பர்ல வேலூர் 108 டிகிரின்னு போடறான், ரெண்டும் ஒரே வெயில்தான், கணக்குதான் வேற. பையன் சொன்ன 40 அந்த ரெண்டாவது கணக்கு, ஃபாரன்ஹீட். நம்ம கணக்குல 4 டிகிரி. வேலூர்ல மார்கழி விடிகாலையில நீங்க போர்வைய இழுத்து மூடிப்பீங்களே, அப்பவே இங்க 17, 18 இருக்கும். அதுலேர்ந்து இன்னும் 13 டிகிரி கீழ போகணும், அதுவும் ஒரு துணிச் சுவத்துக்குள்ள.

அதனால போகாதீங்கன்னு சொல்ல வரல. நான் வேலை விஷயமா பல வருஷம் அந்த மாநிலத்துல இருந்துட்டு இப்ப காட்பாடியில செட்டில் ஆனவன், அந்த கேம்ப்கிரவுண்ட்ல நிறைய தங்கியிருக்கேன், எங்க அப்பா அம்மா வந்தப்ப அவங்களையும் கூப்டு போனேன். போலாம், ஆனா மூணு ராத்திரி வாணாம், ஒரு ராத்திரி போதும், நல்லா இருந்தா இன்னொண்ணு பாத்துக்கலாம். வெயிலுக்கு நீங்க ஒண்ணுமே தயார் பண்ண வாணாம், உங்க உடம்புக்கு அது தெரிஞ்ச சமாச்சாரம். தயார் பண்ண வேண்டியது குளிருக்கும் தண்ணிக்கும்.

அந்த எடம் ஏன் அப்படின்னு தெரிஞ்சுகிட்டா பாதி பயம் போய்டும். போர்ட்லேண்ட்லேர்ந்து கார்ல ஏறக்குறைய மூணு மணி நேரம். மவுன்ட் ஹூட் ஓரமா போற ரோடு, முதல்ல ரெண்டு பக்கமும் பச்சைப் பசேல்னு உயரமான மரக்காடு, மலைய தாண்டி கீழ எறங்க எறங்க மரம் எல்லாம் காணாம போய் காஞ்ச புல்லு, சாம்பல் கலர் செடி, குட்டை குட்டையா ஜூனிபர் மரம்னு ஆய்டும். கடல்லேர்ந்து வர மேகம் எல்லாம் கேஸ்கேட் மலை மேல மோதி அந்தப் பக்கமே மழைய கொட்டிடுது, இந்தப் பக்கத்துக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல, வருஷத்துக்கு 10 அங்குலம் கூட பேயாது. நமக்கு பாலாறு வறண்டாலும் ஏறக்குறைய 40 அங்குலம் பேயுது. போற வழியில மெட்ராஸ்னே ஒரு ஊர் வரும், பலகைய பாத்து சிரிக்காதீங்க, 2017 ஆகஸ்ட் 21ல முழு சூரிய கிரகணம் பாக்க உலகமே அங்க கூடிச்சு. அதுக்கு தெக்கால டெர்ரபான், அதான் ஸ்மித் ராக் இருக்கற ஊர், இன்னும் கொஞ்சம் போனா ரெட்மண்ட், கடை ஆஸ்பத்திரி எல்லாம் அங்க.

உயரம் சுமாரா 3000 அடி. நம்ம ஏலகிரி அத விட அதிகம், அப்ப ஏலகிரிய விட ஏன் இவ்ளோ குளிருதுன்னு கேப்பீங்க. ஒண்ணு, அது வடக்க 44 டிகிரியில இருக்கு, நம்ம 13 கிட்ட இருக்கோம். இன்னொண்ணு, காத்துல ஈரம் இல்ல, மேகமும் இல்ல. பகல்ல மண்ணும் பாறையும் வாங்கின சூட்ட ராத்திரி பிடிச்சு வெக்க மேல ஒண்ணும் இல்லாததால மொத்தமும் வானத்துக்கு போய்டுது. அதனால செப்டம்பர்ல பகல்ல 25 டிகிரி, சட்டையோட சுத்தலாம், சூரியன் எறங்கின அரை மணி நேரத்துல ஸ்வெட்டர், ஒம்போது மணிக்கு குல்லா, விடிகாலை 5 மணிக்கு பல்லு கிட்டும். ஒரே நாள்ல 20 டிகிரி ஏறி எறங்கறது நம்ம ஊர் உடம்பு பாக்காத விஷயம்.

இப்ப படுக்கைக்கு வருவோம், இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், இதுல காசு பாக்காதீங்கன்னு பையன்கிட்ட சொல்லுங்க. ஸ்லீப்பிங் பேக், அதான் உள்ள நுழைஞ்சு படுக்கற பை, அது மேல ஒரு டிகிரி நம்பர் போட்டிருப்பான், அந்த நம்பர நம்பி அதே குளிருக்கு எடுத்துகினு போகக் கூடாது, பல பையில அது தாங்கற எல்லைதான், சுகமா தூங்கற அளவு இல்ல. 40 டிகிரி ராத்திரிக்கு 20 டிகிரி பை வாங்கணும், அதாவது அவங்க கணக்குல 20, நம்ம கணக்குல மைனஸ் 7. வயசானா உடம்புல சூடு கம்மியாதான் வரும், அண்ணிக்கு இதுல கொறைக்கவே கொறைக்காதீங்க. வாங்கணும்னு கூட இல்ல, போர்ட்லேண்ட்ல வாடகைக்கு கிடைக்குது.

பைய விட பெரிய விஷயம் கீழ போடறது. நிறைய பேர் தடியா காத்தடிச்ச மெத்தைய வாங்கிகினு போறான், பாக்க சொகுசா இருக்கு, ஆனா உள்ள வெறும் காத்துதான், அந்தக் காத்து உள்ளயே சுத்தி சுத்தி உங்க முதுகு சூட்ட கொண்டு போய் தரையில விட்டுடும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து மேல ரெண்டு கம்பளி போட்டாலும் குளிரும், ஏன்னே புரியாது, குளிர் கீழேர்ந்து வருது. சூடு தரைக்கு போகாம எவ்ளோ தடுக்கும்னு சொல்ல மெத்தைக்கு ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் இருக்கும், 4க்கு மேல இருக்கறதா பாத்து எடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா காத்து மெத்தை மேல ஒரு ஃபோம் ஷீட் போட்டாலும் சரி. அண்ணிக்கு தரையில படுத்து எழுந்திருக்கறது கஷ்டம்னா மடக்குக் கட்டில் இருக்கு, கேம்ப் காட்னு சொல்வாங்க, முட்டி உயரத்துக்கு இருக்கும், ஆனா அதுக்கு கீழயும் காத்து ஓடும்ன்றதால அது மேலயும் இந்த மெத்தைய போட்டே ஆகணும். கட்டில் போடணும்னா டென்ட்டும் நின்னு டிரஸ் மாத்தற உயரத்துல வேணும், பையன் கிட்ட இருக்கற ரெண்டு பேர் டென்ட்ல குனிஞ்சு தவழ்ந்து போறது எல்லாம் உங்களுக்கு ஆகாது.

டிரஸ்ஸு ரொம்ப எழுத மாட்டேன். பகல்ல போட்ட துணியோட படுக்காதீங்க, அதுல வேர்வை ஈரம் இருக்கும், காஞ்ச தெர்மல் உள்டிரஸ் மாத்திகினு படுங்க. நம்ம குரங்கு குல்லாவ விட நல்ல சாமான் உலகத்துல இல்ல, அத இங்கேர்ந்தே எடுத்துகினு போங்க. அண்ணிக்கு சுடிதார்தான் சரி, புடவை முள்ளுல மாட்டும். உதடும் மூக்கு உள்ளயும் வெடிக்கும், சிலருக்கு மூக்குல லேசா ரத்தம் கூட வரும், காத்து அவ்ளோ வறட்சி, தேங்காண்ண தடவிகினா போதும்.

இன்னொண்ணு, குளிருதுன்னு அடுப்பையோ ஹீட்டரையோ டென்ட் உள்ள கொண்டு போகவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாம ஆள தூக்கிடும். குளிருக்கு வழி வேற இருக்கு, படுக்கறதுக்கு முன்னாடி வெந்நி வெச்சு மூடி நல்லா டைட்டா இருக்கற பாட்டில்ல ஊத்தி சாக்ஸ்ல சுத்தி பைக்குள்ள கால்மாட்டுல போட்டா ரொம்ப நேரம் தாங்கும்.

தண்ணி. உண்மையிலயே குழாய் கிடையாது, கிணறு கிடையாது, ஒண்ணும் கிடையாது. டேபிள் இருக்கு, நெருப்பு மூட்டற இரும்பு வளையம் இருக்கு, கக்கூஸ் இருக்கு, அவ்ளோதான் கேம்ப்கிரவுண்ட். பாறை அடிவாரத்துல க்ரூக்கட் ரிவர்னு ஆறு ஓடுது, அந்தத் தண்ணி குடிக்க லாயக்கு இல்ல, மேல பூரா வயலும் மாட்டுப் பண்ணையும். கணக்கு சொல்றேன், குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், அது கம்மி பண்ணக் கூடாது, வேர்வை வர்றதே தெரியாம காஞ்சுடும் அங்க, தாகம் தெரியறதுக்குள்ள தலைவலி வந்துடும். சமைக்க, பாத்திரம் அலம்ப, கை கால் கழுவ, அப்புறம் நம்ம ஆளுங்களுக்கு காயிதம் மட்டும் போதாது இல்லயா அதுக்கும் சேத்து இன்னும் 4. மூணு பேர், ரெண்டு பகல்னா 48 லிட்டர். நீலக் கலர்ல 7 கேலன் கேன் விக்குது, 26 லிட்டர் புடிக்கும், ரெண்டு கேன் ரெட்மண்ட்ல நிரப்பிகினு போனா முடிஞ்சது. ஒரு கேன் தூக்க 26 கிலோ ஆகும், அத டேபிள் ஓரத்துல வெச்சு அடியில திருகு குழாய் வெச்சுட்டு பையனயே தூக்க சொல்லுங்க. லாரித் தண்ணிக்கு குடத்தோட நின்ன ஊர்க்காரங்க நம்ம, ஒரு சொம்புல குளிக்கத் தெரிஞ்சவங்க, வெள்ளக்காரன் இத பாத்து பயப்படலாம், நம்ம சொந்தக்காரங்க ஏன் பயப்படறாங்கன்னு எனக்கு புரியல.

கக்கூஸ் வெஸ்டர்ன்தான், ஆனா ஃப்ளஷ் கிடையாது, கீழ ஆழமா தொட்டி, மேல உக்கார்ற சீட்டு, அண்ணி முட்டிக்கு அதுவே நல்லது. சொம்ப மறக்காதீங்க. வெட் டிஷ்யூ, குப்பை எதையும் உள்ள போடாதீங்க, அத வெளிய எடுக்க ஆள் வரணும். ரெண்டு பேருமே ராத்திரி எழுந்திருக்கற வயசு, அதனால சைட், அதான் டென்ட் போடற எடம், புடிக்கறப்ப கக்கூஸ்லேர்ந்து ஒரு ஐம்பது அறுபது அடி தள்ளி, காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து நம்ம பக்கம் வராத எடமா பாக்கணும். நெத்தியில கட்ற லைட் ஆளுக்கு ஒண்ணு, போன் டார்ச் ஒரு கைய புடிச்சுக்கும், அந்தக் கை அண்ணி தோள புடிக்க வேணும்.

உங்க பிரஷர் மாத்திரையில மூத்திரம் அதிகமா போக வைக்கறது இருந்தா, வறண்ட ஊருக்கு போறேன்னு சொல்லி கிளம்பறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

சாப்பாடு. இங்கேர்ந்து அரிசி, முழுசா இருக்கற மல்லி சீரகம், பச்சை கறிவேப்பில, பழம் எதுவும் பெட்டியில வெக்காதீங்க, ஏர்போர்ட்லயே புடுங்கிடுவான், பூச்சி பரவும்னு அவங்களுக்கு பயம், எல்லாம் போர்ட்லேண்ட் இண்டியன் கடையிலயே இருக்கு. புளிக்காச்சல், பருப்புப் பொடி, ஊறுகா எல்லாம் நல்லா பேக் பண்ணி அங்க ஏர்போர்ட்ல கேக்கறப்ப சாப்பாட்டு சாமான் இருக்குன்னு சொல்லிடுங்க, மறைச்சாதான் தகராறு. கேம்ப்ல ஒரே பாத்திர சமையலா வெச்சுகுங்க, பாத்திரம் எத்தினியோ தண்ணி அத்தினி. சின்ன குக்கர்ல கிச்சடி, காலையில ரவா உப்புமா, டிகாஷன் ஃபில்டர எடுத்துகினு போனா பக்கத்து டென்ட்காரன் தானா வந்து பேச ஆரம்பிப்பான். ஆம்பூர் பிரியாணி எல்லாம் அங்க போடறேன்னு பையன் சொல்லுவான், விடாதீங்க, தம் போடற நேரத்துல காத்து அடிச்சு மண்ணோட சாப்பிடணும்.

காத்து பத்தி சொல்லணும்ல, மத்தியானத்துக்கு மேல கிளம்பும், சில நாள் டென்ட்ட தூக்கிடற மாதிரி. தரை கெட்டி, ஆணி பாதி எறங்கும், மீதிக்கு கயித்த பெரிய கல்லுல கட்டணும். ரெண்டு பர்னர் கேஸ் அடுப்புக்கு மூணு பக்கமும் தகடு மறைப்பு இருக்கறதா வாங்குங்க இல்லன்னா கிச்சடிக்கே ஒரு சிலிண்டர் போய்டும். விறகு நெருப்ப நம்பி சமையல் பிளான் போடாதீங்க, கோடையில காடு எரியும்னு தடை போடுவாங்க, செப்டம்பர்லயும் பல வருஷம் அந்தத் தடை இருக்கும், கேஸ் அடுப்புக்கு பொதுவா விட்டுடுவாங்க. ஸ்மித் ராக் பார்க் உள்ள நெருப்பே கூடாது. எங்கயாவது காடு எரிஞ்சா புகை வந்து வானமே காவி ஆய்டும், அந்த வாரம் காத்து எவ்ளோ கெட்டிருக்குன்னு சொல்ற ஏ.க்யூ.ஐ. நம்பர பாத்து 150 தாண்டியிருந்தா பிரஷர் இருக்கற ஆளு போக வாணாம், டிக்கெட்டா போச்சு, தள்ளி வெச்சுக்கலாம்.

பாம்பு கேட்டிருந்தீங்க. இருக்கு, வால்ல கிலுகிலுப்பை ஆட்டற விரியன். ஆனா அது பெரும்பாலும் முன்னாடியே சத்தம் குடுக்குது, நம்ம ஊர் கட்டுவிரியன் அந்த மரியாதை எல்லாம் தராது. டென்ட் ஜிப் எப்பவும் மூடி, செருப்ப ஷூவ உதறி போட்டு, பாறை இடுக்குல கைய விடாம, ராத்திரி லைட் இல்லாம நடக்காம இருந்தா போதும். ராத்திரி ஊளை சத்தம் கேக்கும், அது கயோட்டி, நரி மாதிரி ஒண்ணு, பொதுவா மனுஷன் கிட்ட வராது, அண்ணிக்கு முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. உண்மையிலயே தொல்லை பண்றது நெருஞ்சி முள்ளு. ஆமா நம்ம கரம்புல கிடக்கற அதே நெருஞ்சிதான், அங்க போய் பரவி சைக்கிள் டயர், காத்து மெத்தை எல்லாத்தையும் பஞ்சர் பண்ணுது, ஒழிக்க வேண்டிய களைன்னு அரசாங்கமே லிஸ்ட்ல வெச்சிருக்கு. டென்ட் போடறதுக்கு முன்னாடி தரைய பெருக்கி, கீழ ஒரு தார்ப்பாய் போடுங்க.

இனி பாறை. இதுக்காகத்தான போறீங்க. ஸ்மித் ராக் எரிமலை சாம்பல் வெந்து இறுகின கல்லு, வயசு சுமாரா 3 கோடி வருஷம். நம்ம வேலூர் கோட்டைக்கு எதிர்ல நிக்கற மலைக் கல்லு எல்லாம் 250 கோடி வருஷத்த தொடறது, அதனால அங்க போய் வாய பொளக்க வாணாம், வீட்டு வாசல்லயே பெரியவர் இருக்காரு. ஆனா அழகுல அத அடிச்சுக்க முடியாது, காலை வெயில்ல அந்த செவப்பும் மஞ்சளும், கீழ ஆறு வளைஞ்சு போறதும். 1980கள்ல ஆலன் வாட்ஸ்னு உள்ளூர் ஆளும் அவர் கூட்டாளிங்களும் மேலேர்ந்து கயித்துல எறங்கி பாறையில போல்ட் அடிச்சு வழி போட்டாங்க, அது வரைக்கும் ஏற முடியாதுன்னு விட்ட சுவரெல்லாம் அப்புறம் ஏறினாங்க. இப்படி முன்னாடியே அடிச்ச போல்ட்ல கயித்த மாட்டிகினு ஏறறதுக்கு ஸ்போர்ட் க்ளைம்பிங்னு பேரு, அமெரிக்காவுல அது பொறந்த எடமே இதுதான்னு சொல்வாங்க. 1986ல ஜான் பாப்டிஸ்ட் ட்ரிபூன்ற பிரெஞ்சுக்காரர் அங்க ஏறின ஒரு வழிதான் அந்த நாட்டுலயே முதல் 5.14. ஒரு வழி ஏற எவ்ளோ கஷ்டம்னு சொல்றதுதான் இந்த நம்பர், பையன் ராத்திரி பூரா இதையே பேசுவான், தெரிஞ்சு வெச்சுகுங்க, 5.7, 5.8 எல்லாம் சுலபம், 5.10க்கு மேல போனா ஆளு நல்லா ஏறறான்னு அர்த்தம், 5.14 எல்லாம் உலகத்துலயே கொஞ்சம் பேர்.

அண்ணி கீழ எறங்கி நடக்கணும்னே இல்ல. பார்க்கிங்லேர்ந்து சமமா கொஞ்ச தூரம் நடந்தா பள்ளத்தாக்கு ஓரத்துலேர்ந்து மொத்தமும் தெரியும், பைனாகுலர் இருந்தா ஏறற ஆளுங்கள உக்காந்த எடத்துலேர்ந்து பாக்கலாம். நீங்க வேணா ஆத்துக்கு எறங்கி பாலத்த தாண்டி ஆத்தோரமா நடங்க, சமமான பாதை, ஆனா திரும்பி ஏறணும்ன்றத மனசுல வெச்சுகுங்க. மிசரி ரிட்ஜ்னு ஒரு பாதை செங்குத்தா மேல போகும், பையன் கூப்டாலும் ஒத்துக்காதீங்க. அந்தப் பக்கம் மங்கி ஃபேஸ்னு 350 அடி ஒத்தக் கல்லு, சரியான குரங்கு மூஞ்சி, எங்க அம்மா கன்னத்துல போட்டுகினு கும்பிட்டாங்க. ஏறற எடத்துக்கு நேர் கீழ மட்டும் நிக்காதீங்க, பொரி உருண்டையில பொரி உதிர்ற மாதிரி அந்தப் பாறையில ஒட்டியிருக்கற கூழாங்கல்லு திடீர்னு பேந்து வரும், ஹெல்மெட் இல்லாம அடியில போகக் கூடாது. வருஷத்துல முதல் ஏழு மாசம் கழுகும் வல்லூறும் கூடு கட்டறதால சில சுவர மூடிடுவாங்க, செப்டம்பர்ல அந்தத் தொல்லை இல்ல.

நானும் ஏறலாமான்னு கடைசியா ஒரு வரி நைசா கேட்டிருந்தீங்க. ஏறலாம் அண்ணா, கயிறு மேலேர்ந்து போட்டு கீழ ஒருத்தர் புடிச்சிருப்பாங்க, காசு குடுத்தா கத்துத் தர கைடு இருக்காங்க, 5.6 மாதிரி சுலப வழியில 61 வயசு ஒரு வயசே இல்ல. ஆனா கைடு கூட, பையன் ஃப்ரெண்ட் கூட வாணாம்.

பார்க்ல பிவூவாக்னு ஒரு டென்ட் எடம் இருக்கு, ஷவர் கூட உண்டு, இளவட்டங்க அங்க போகலாம்பாங்க, ஆனா கார நிறுத்திட்டு சாமான எல்லாம் தூக்கிகினு நடக்கணும், கார்ல தூங்கவும் விட மாட்டாங்க. உங்களுக்கு ஸ்கல் ஹாலோதான் சரி, டென்ட் பக்கத்துலயே கார், குளிர் தாங்கலன்னா உள்ள ஏறி உக்காந்துக்கலாம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் போகாதீங்க, செப்டம்பர் க்ளைம்பிங் சீசன், நல்ல சைட் எல்லாம் போயிருக்கும், புதன் வியாழன்ல மத்தியானத்துக்குள்ள போய் சேருங்க, வெளிச்சத்துல டென்ட் போட்டுடலாம். தேதிய அமாவாசைய ஒட்டி வெச்சா நட்சத்திரம் பாக்கலாம், நம்ம ஜவ்வாது மலை காவலூர்ல 2.34 மீட்டர் டெலஸ்கோப்ப கொண்டு போய் வெச்சிருக்காங்களே, அந்த மாதிரி இருட்டு அது, எங்க அப்பா குளிர கூட மறந்து நாக்காலிய வெளிய போட்டுகினு உக்காந்திருந்தாரு.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை. காட்டுல டென்ட் போட வனத்துறை விடாது, அதனால ஏலகிரியில டென்ட் போட்டுத் தர்ற தனியார் எடம் எதுலயாவது அண்ணியோட ஒரு ராத்திரி தங்கிப் பாருங்க, தரை மெத்தையில. குளிர் அந்த அளவு இருக்காது, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஜிப்ப தொறந்து செருப்ப தேடி எழுந்து போய்ட்டு வர அண்ணி முட்டி ஒத்துக்குதான்னு தெரிஞ்சுடும். ஒத்துக்கலன்னா கட்டில் எடுக்கச் சொல்லுங்க, அதுவும் முடியாதுன்னு அண்ணி சொன்னா ரெட்மண்ட்ல ரூம் போட்டு பகல்ல மட்டும் போய் பாத்துட்டு வாங்க, டென்ட்ல பையனும் ஃப்ரெண்ட்ஸும் தங்கட்டும். எதுவா இருந்தாலும் ஆகஸ்ட்லயே அவனுக்கு சொல்லிடுங்க, சீசன்ல ரூம் கடைசி நேரத்துல கிடைக்காது.